இடது கன்னம்

என் அக்காவைப் போலப் புருஷனைப் பார்த்துக்கொள்கிறவள் நாலு தெருவுக்கு ஒருத்தி இருந்தால் அதிகம் என்று எதிர்வீட்டு டீச்சர் சொல்வாள். ஒன்றரை வருஷமாகப் படுக்கையில் கிடக்கிற மனுஷன். முதுகில் ஒரு புண் கிடையாது, துணியில் ஒரு வாடை கிடையாது. அதற்கும் மேல் தினமும் காலையில் மழமழவென்று சவரம். "ஆஸ்பத்திரியில கொண்டுபோய் வெச்சாக்கூட இப்படிப் பாக்க மாட்டாங்க. உங்க அக்கா கையெடுத்துக் கும்பிட வேண்டியவங்க" என்று என்னிடமே சொல்வாள். நான் தலையை ஆட்டுவேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதிலும் புகழ்கிற வாயை நான் எதற்கு மூட வேண்டும்?

படுக்கையில் கிடப்பவர் என் அத்தான். கால் ஓடியவரை அவருக்கு வேலை, மூன்று மாடிக் கடை ஒன்றில் கீழ்த்தளத்தில் ரேசர் கவுண்டர். விற்பனையாளர் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். 'செய்து காட்டுபவர்' என்று சொல்ல வேண்டும். கவுண்டருக்குப் பக்கத்தில் உயரமான நாற்காலி, வெந்நீர்க் கிண்ணம், பிரஷ், வெள்ளைத் துண்டின் மேல் இரண்டு ரேசர். ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கிற சாதா சேஃப்டி ரேசர், பிளேடு நேராக உட்காரும். இன்னொன்று சாய்வு ரேசர். அதன் தலையை யாரோ பிடித்து முறுக்கிவிட்டது போல இருக்கும். பிளேடு ஒரு ஓரம் ஏறியும் ஒரு ஓரம் இறங்கியும் சரிந்து நிற்கும். வாங்கிப்போன மறுநாளே "இது பெட்டியிலேயே வளைஞ்சிருக்கு, மாத்திக் குடுங்க" என்று திரும்பி வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதனால் கடை ஆட்கள் அத்தானுக்குக் 'கோணல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் யார் வாயில் முதலில் வந்ததோ, அவர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

திரும்பி வந்த ஆளை அத்தான் விடமாட்டார். நாற்காலியில் உட்காரவைத்து ஒரு தக்காளியை எடுப்பார். கத்தியை நேராக வைத்து அழுத்துவார். தக்காளி நசுங்கும். இன்னொன்றை எடுத்துக் கத்தியைச் சாய்த்து இழுப்பார். வழுக்கிக்கொண்டு போகும்.

"பாத்தீங்களா சார்? நேர் ரேசர் முடியைத் தள்ளும். தள்ளித் தள்ளித்தான் அறுக்கும். இது தள்ளாது, சீவும். முடிக்கே தெரியாது சார், தான் வெட்டுப்பட்டது."

பிறகு ஒரு கன்னம் நேர் ரேசரில், ஒரு கன்னம் சாய்வு ரேசரில். "உங்க கையாலேயே தடவிப் பாருங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்." வந்தவர் தடவிப் பார்ப்பார். பெட்டியை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. துடைப்பக் குச்சி மாதிரித் தாடி உள்ளவர்களுக்குச் சாய்வு ரேசர் வரப்பிரசாதம். ஆனால் அதை அழுத்தக் கூடாது, அழுத்தினால் கடித்துவிடும். நேர் ரேசர் கை கொஞ்சம் முன்பின்னே போனாலும் பொறுத்துக்கொள்ளும். மெல்லிய தாடிக்காரனுக்கு அதுவே போதும். புது பிளேடும் நல்ல நுரையும் இருந்தால் தடித்த தாடிக்காரனுக்கும் பெரிய குறை வராது. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். நான் வேலை பார்க்கிற தபால் பிரிக்கும் கூடத்தில் அறுபது பெண்கள் இருக்கிறோம். ரேசரைப் பற்றி இவ்வளவு தெரிந்த பெண் நான் ஒருத்திதான்.

கடைக்காரர்களுக்குத் தெரியாத ஒன்றும் எங்களுக்குத் தெரியும். கடையில் அவர் நேர் ரேசரில் போடுகிற பிளேடு புதிது அல்ல. வீட்டில் ஆறு நாள் ஓட்டிய பிளேடை அக்காதான் கழுவித் துடைத்து, காகிதத்தில் மடித்து, திங்கட்கிழமை தோறும் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்ப வேண்டும். வாடிக்கையாளரின் ஒரு கன்னத்தில் புது பிளேடு, இன்னொரு கன்னத்தில் ஆறு நாள் பிளேடு. வித்தியாசம் தெரியாமல் எங்கே போகும்? ஒரு திங்கட்கிழமை அக்கா மறந்துவிட்டாள். அன்று மாலை என்ன நடந்தது என்பதை அவள் சொல்லவில்லை. கை வீங்கியிருந்ததை நான்தான் பார்த்தேன்.

இனி வீட்டுக்குள் வருவோம். தினமும் காலையில் சவரம் முடித்துவிட்டு அத்தான் கண்ணாடியைப் பார்க்க மாட்டார். அக்காவைக் கூப்பிடுவார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, புறங்கையால் அவருடைய இரண்டு கன்னத்தையும் தாடைக்குக் கீழேயும் தடவிப் பார்க்க வேண்டும்.

"முள்ளு இருக்கா?"

"இல்லைங்க."

இல்லை என்று சொன்ன பிறகு அவர் விரலுக்கு ஒரு முள் தட்டுப்பட்டால் அறை. இருக்கிறது என்று சொன்னாலும் அறைதான், "சாய்வு ரேசர்ல எடுத்த முகத்துல முள்ளு இருக்குன்னு சொல்ற உன் கை கையா, உலக்கையா" என்று. இது ஒருநாள் இரண்டுநாள் கூத்து இல்லை, இருபத்தாறு வருஷம். கல்லானாலும் கணவன் என்பார்கள். கல்லாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை, அது பாட்டுக்குக் கிடக்கும்.

அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் "அடிக்கிற கைதான்டி அணைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே அக்காவைத் திருப்பி அனுப்பினாள். அந்தக் கை அணைத்ததை நான் பார்த்ததில்லை. ஒரு தடவை சாய்வு ரேசரைக் கழுவும்போது அக்கா தரையில் போட்டுவிட்டாள். ரேசர் தலையின் ஓரத்தில் மணல் அளவுக்கு ஒரு நசுங்கல். அத்தான் கத்தவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். அவளை உட்காரவைத்து, தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, "வெட்டுதா இல்லையான்னு பாத்துருவோம்" என்று சொல்லி அவளுடைய வலது புருவத்தை எடுத்துவிட்டார். சோப்புகூடப் போடவில்லை. "பரவாயில்லை, வெட்டுது" என்றார். நான் அப்போது அந்த அறையில்தான் இருந்தேன், கையில் காபி டம்ளரோடு. பிறகு மூன்று மாதம், முடி முளைக்கிறவரைக்கும், தினமும் காலையில் பென்சிலால் அவளுக்குப் புருவம் வரைந்துவிட்டது நான்தான். இரண்டு புருவமும் ஒரே மாதிரி வரவே வராது. ஒருநாள் அவளே கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்பவர்களிடம் வரன் அமையவில்லை என்று சொல்வேன். அடுத்த தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறேன். எனக்கு வேலை மதியம் இரண்டு மணிக்கு. காலையில் அக்கா வீட்டுக்குப் போய் ஒத்தாசை செய்துவிட்டு அங்கேயே சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிப்பேன். அத்தானுக்கு என்னைப் பிடிக்கும். "மச்சினி, நீ கெட்டிக்காரி, எவன்கிட்டயும் மாட்டல" என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

பக்கவாதம் அவரைக் கவுண்டரிலேயே பிடித்தது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு கன்னம் முடிந்து அடுத்த கன்னத்தில் நுரை போட்டிருந்தாராம். பிரஷ் கையிலிருந்து விழுந்தது, பின்னாலேயே இவரும் விழுந்தார். பாதி முகத்தில் நுரையோடு அந்த ஆள் எழுந்து வெளியே ஓடியதைச் சோப்புக் கவுண்டர்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

வலது கை போயிற்று, வலது கால் போயிற்று. வாய் வலது பக்கம் தொங்கிப்போயிற்று. பேச்சு சுத்தமாகப் போய், "ப்பா... ப்பா..." என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். புத்தி மட்டும் துளியும் போகவில்லை. டாக்டர் ஒரு குண்டூசியால் அவர் முகத்தை இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். வலது கன்னத்தில் குத்தினால் கண்கூடச் சிமிட்டவில்லை. இடது கன்னத்தில் குத்தியதும் வெடுக்கென்று தலையை இழுத்தார். "வலது பக்கம் உணர்ச்சி இல்லம்மா. குளிப்பாட்டும்போது, சவரம் பண்ணும்போது அந்தப் பக்கம் ஜாக்கிரதை. காயம் பட்டாலும் அவருக்குத் தெரியாது" என்றார் டாக்டர். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் மூன்று வாரம் அவள் நல்லபடியாகத்தான் செய்தாள். இரண்டு பக்கமும் சாய்வு ரேசர், புது பிளேடு, வெந்நீர். அழுத்தாதே, அழுத்தாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எடுப்பாள். ஒருநாள் இடது தாடைக்கு அடியில் கடுகளவு கீறிவிட்டது. அவர் இடது கையைத் தூக்கி அவள் கன்னத்தில் அறைந்தார். பாதி உடம்பு செத்துக் கிடக்கும்போதும் மிச்சம் இருந்த பாதியை அவர் அதற்குத்தான் பயன்படுத்தினார். அக்கா நுரையைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நான் போவதற்குள் சவரம் முடிந்துவிடும். மூன்று மாதம் கழித்துத்தான் நான் கவனித்தேன். ஜன்னல் திட்டில் இரண்டு ரேசர் இருந்தன.

"எதுக்கு அக்கா ரெண்டு?"

"வலது பக்கம் சாய்வு ரேசர், புது பிளேடு. இடது பக்கம் நேர் ரேசர்."

"ஏன் அப்படி?"

"டாக்டர் சொன்னாரில்ல? வலது பக்கம் உணர்ச்சி இல்ல, வெட்டிட்டா தெரியாது, சீழ் வெச்சிரும்னு. நல்ல ரேசர் எதுவோ அது அந்தப் பக்கம்."

நான் நேர் ரேசரைக் கழற்றிப் பார்த்தேன். பிளேடின் ஓரம் பழுப்பேறிக் கிடந்தது.

"இது எத்தன நாள் பிளேடு அக்கா?"

"அஞ்சு வாரம் ஆகுது." அவள் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானே வித்தியாசம் தெரியும். அவர்தான் சொல்லுவாரு."

அன்று முழுவதையும் நின்று பார்த்தேன். வலது கன்னத்தில் வெந்நீர்த் துணி, கெட்டி நுரை. தொங்கிய தோலை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பிடித்து, சாய்வு ரேசரை அதன் எடையிலேயே இறக்கினாள். சத்தமே இல்லை. பிறகு கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாயில் பச்சைத் தண்ணீர் பிடித்துவந்தாள். இடது கன்னத்தில் பெயருக்கு ஒரு இழுப்பு நுரை. அது காய்கிறவரைக்கும் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நேர் ரேசரை எடுத்து, முடி வளர்கிற போக்குக்கு எதிராக, கீழேயிருந்து மேலே, கரகரவென்று. அவர் தாடி கம்பி. பிளேடு அதை வெட்டவில்லை, வேரோடு பிடித்து இழுத்தது. அவருடைய இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. கழுத்து நரம்பு விடைத்தது. "ப்பா... ப்பா..." என்றார். "இதோ ஆச்சுங்க, இதோ ஆச்சு" என்று அவள் கொஞ்சுகிற குரலில் சொன்னாள். மூன்று தடவை அதே இடத்தில் எடுத்தாள். ரத்தம் வரவில்லை. ரத்தம் வராமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பது அவளுக்கு அளவெடுத்தாற்போலத் தெரிந்திருந்தது. கடைசியில் படிகாரக் கட்டியை நனைத்து அந்தக் கன்னம் முழுக்கத் தேய்த்தாள். அவர் கண் இரண்டும் மேலே போய்விட்டு வந்தன.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்ததில் பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லிக் காட்டியிருப்பேன். ஒரு மாதம், ஒன்றரை மாதம், காலையில் அந்த நேரத்துக்குச் சரியாகப் போய் நின்று பார்த்தேன்.

சந்தோஷம் எப்போது வடிந்தது என்று தெரியவில்லை. அத்தான் நல்லவராகிவிட்டதனால் இல்லை. அவர் பார்வையில் அந்தப் பழைய திமிர் அப்படியேதான் இருந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டதும் அவருடைய இடது கன்னம் மட்டும் தானாகத் துடிக்கும். அதைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோலுக்கு லீவு என்று அவர் சவரம் செய்துகொள்ள மாட்டார். அக்கா அந்த லீவையும் ரத்து செய்துவிட்டாள்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாம்ல அக்கா? முகம் ரொம்பச் செவந்திருக்கு."

"முள்ளு இருந்தா அவருக்குப் பிடிக்காதுடி" என்றாள்.

வெளியூரில் வேலை பார்க்கிற அக்கா மகள் நாலு நாள் லீவில் வந்தாள். அப்பாவுக்கு அவள்மேல் உயிர். அவளை மட்டும் அவர் அடித்ததில்லை. வந்த அன்றே அப்பாவின் முகத்தைக் கவனித்துவிட்டாள். இடது கன்னம் காய்ந்த செங்கல் நிறத்தில், பொரிப் பொரியாகத் தடித்துக் கிடந்தது.

"என்னம்மா இது?"

"படுத்தே கிடக்காரில்ல. சூட்டுக் கொப்புளம்."

ஆனால் அத்தான் விடவில்லை. பிழைக்க ஒரு வழி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, விடுவாரா? இடது கையைத் தூக்கி ஜன்னல் திட்டைக் காட்டினார். மகள் இரண்டு ரேசரையும் எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் சாய்வு ரேசரை எடுத்துத் தன் இடது கன்னத்தில் வைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி இடது கன்னத்தில் வைத்தார். "ப்பா! ப்பா!" என்று மெத்தையை ஓங்கி அடித்தார். இதை இங்கே போடு, இதை இங்கே போடு என்று அவர் கெஞ்சுகிறார் என்பது எனக்குப் பளிச்சென்று புரிந்தது. நான் வாசல்படியில் காய்கறித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்கு வேறு மாதிரி புரிந்தது. எட்டு வயதில் அவள் அந்தச் சாய்வு ரேசரை எடுத்து விளையாடிக் கட்டைவிரலை ஆழமாக வெட்டிக்கொண்டாள். தழும்பு இப்போதும் இருக்கிறது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, பார்க்கவே கோணலாக இருக்கிற அதுதான் கடிக்கிற சாமான். நேராக இருப்பது சாது.

"இதுதான் குத்துதாப்பா? இதுதான் இந்தக் கன்னத்தை இப்படிப் பண்ணிருச்சா?" அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பவே தெரியும், இது சனியன்னு."

அத்தான் தலையைப் பலமாக ஆட்டினார். இல்லை என்கிறாரா ஆமாம் என்கிறாரா என்று தெரியாதபடிக்கு அந்தத் தலை எல்லாப் பக்கமும் ஆடியது. ரேசரைப் பிடித்த கையை அவர் விடவில்லை. மகள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிடுங்க வேண்டியிருந்தது.

"விடுங்கப்பா. இனிமே இது உங்க மேல படாது. நான் பாத்துக்கறேன்."

செய்தித்தாளில் சுற்றி, தெருவில் நின்ற குப்பை வண்டியில் தன் கையாலேயே போட்டுவிட்டு வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அக்காவைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தான் என்னைப் பார்த்தார். நான் காய்கறியைப் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமும் இந்தச் சாதா ரேசர்லயே எடும்மா. பதமா இருக்கும்" என்று மகள் சொன்னாள். மெஷின் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்றும் கேட்டாள். "அந்தச் சத்தம் உங்கப்பாவுக்கு ஆகாது கண்ணு" என்று அக்கா சொல்லிவிட்டாள். கிளம்புகிற நாளில் மகள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா அப்பா என்னிக்கோ போயிருப்பாரும்மா" என்றாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ரேசர் ஒன்று, பிளேடு இரண்டு என்று ஆயிற்று. வலது பக்கத்துக்குப் புதிது போடுவாள். முடித்ததும் கழற்றிவிட்டு இடது பக்கத்துக்குப் பழையதை மாட்டுவாள். அத்தான் கையை ஆட்டுவதையும் விட்டுவிட்டார். யாரிடம் காட்டுவது? ஒருமுறை சோப்புக் கவுண்டர்காரர் பார்க்க வந்து, "அடேயப்பா, கடையில நிக்கும்போதுகூட முகம் இவ்வளவு பளிச்சுன்னு இருந்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த அறையில் போர்த்திப் படுத்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு நீ எடுத்து விட்டுரு. நாள் தவறக் கூடாது. ரெண்டு பிளேடும் திட்டுல இருக்கு. எது எந்தப் பக்கம்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

நான் தண்ணீரைச் சுடவைத்தேன். என்னைக் கிண்ணத்தோடு பார்த்ததும் அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். கை தானாகக் கட்டில் சட்டத்துக்குப் போயிற்று. நான் வெந்நீர்த் துணியை அவருடைய இடது கன்னத்தில் போட்டேன். அவர் கண்ணைத் திறந்தார். பிளேடு பொட்டலத்தைப் பிரித்துப் புதிது ஒன்றை மாட்டினேன். இரண்டு பக்கமும் அதுதான். நுரையைக் குழைத்துக் குழைத்துப் போட்டேன். முடி போகிற போக்கிலேயே, மேலேயிருந்து கீழே, அழுத்தாமல் இறக்கினேன். நேர் ரேசர் அவர் சொன்ன அளவுக்கு ஒன்றும் மோசமில்லை. கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான். தடித்த இடங்களில் இரண்டாம் தடவை போகாமல் விட்டுவிட்டேன்.

அவர்மேல் எனக்குப் பாசம் வந்துவிடவில்லை. இவ்வளவு பாவியாக இருந்தாலும் தோல் தோல்தானே என்று மட்டும் தோன்றியது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கடைசியில் கழுத்தைத் துடைக்கும்போது பார்த்தால் மனுஷன் தூங்கிவிட்டிருந்தார், குறட்டையோடு. படிகாரத்தை நான் தொடவில்லை.

கிண்ணத்தைக் கழுவிவிட்டுத் திரும்பினால் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. தூங்குகிறவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு ரேசரை எடுத்துத் தலையைத் திருகிக் கழற்றினாள். பிளேடு பளபளவென்று இருந்தது.

"ரெண்டு பக்கமும் இதுலயா எடுத்த?"

"ஆமா."

"யாரக் கேட்டு?"

"போதும்க்கா. விட்டுரு. பாக்க முடியல."

அவள் கோபப்படவில்லை. நின்றால் தலை சுற்றுகிறது என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷம் தினம் தினம் இந்த வீட்டுக்கு வந்து போயிருக்க. ஒருநாள், ஒரே ஒருநாள், அவர்கிட்ட 'போதும் அத்தான்'னு சொல்லியிருப்பியாடி?"

சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றிய நாள்கள் உண்டு. ஆனாலும் வாயைத் திறந்து சொன்ன நாள் ஒன்றுகூட இல்லை. வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

அவள் பழைய பிளேடை எடுத்து மாட்டினாள். காய்ச்சலில் கை நடுங்கியது. திருகாணி இரண்டு தடவை வழுக்கியது.

"எனக்குக் கை நிக்கல. நீ தலையப் பிடி."

"அக்கா, இப்பத்தானே எடுத்தேன், முடியே இல்ல. தோல் உரிஞ்சிரும். கொஞ்சம் சோப்பாவது போட்டுக்க."

"தலையப் பிடின்னேன்."

நான் தலைமாட்டுக்குப் போனேன். இரண்டு உள்ளங்கைகளையும் அவருடைய காதுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தேன். பிளேடு இடது கன்னத்தில் பட்டதும் அத்தான் விழித்துக்கொண்டார். முதலில் அவளைப் பார்க்கவில்லை. தலைகீழாகத் தெரிந்த என் முகத்தைத்தான் பார்த்தார். என்ன நடக்கிறது என்று புரிய அவருக்கு ஒரு விநாடி ஆயிற்று. "ப்பா" என்றார். இடது கை மேலே வந்து என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. அது தள்ளவில்லை, சும்மா பிடித்துக்கொண்டது. நான் கையை எடுக்கவில்லை. தலை என் கைகளுக்குள் திமிறியது. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஆடாமல், அசையாமல், அவள் முடிக்கிறவரைக்கும் பிடித்தேன். அவ்வளவு நடுக்கத்திலும் அக்கா ஒரு இடத்தில்கூட வெட்டவில்லை.